பதினெட்டாம் போருக்கு டிக்கெட் இல்லை

செங்கல்பட்டில் ஏறிய காஞ்சிபுரம் பஸ்ஸில் எஃப்.எம். ஓடிக்கொண்டிருந்தது. பாலூரைத் தாண்டுவதற்குள் ஒரே பாட்டு இரண்டு முறை வந்துவிட்டது. இடது பக்கம் பாலாறு மணலாகக் கிடந்தது. பழையசீவரம் கடந்து வாலாஜாபாத்தில் இறங்கினேன். கிளம்பும்போதே நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார், “இப்போ எந்த ஊர்ல கூத்து நடக்குது? எல்லா இடத்திலும் லைட் மியூசிக்தான்.” நடக்கிறதா இல்லையா என்று பார்த்துவிடலாம் என்றுதான் வந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சுவரிலேயே பதில் ஒட்டியிருந்தது. திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழா. மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்து. பகலில் மகாபாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து. வில் வளைப்பு, சுபத்திரை திருமணம், அர்ஜுனன் தபசு, கிருஷ்ணன் தூது, கர்ண மோட்சம் என்று ஒவ்வொரு இரவுக்கும் ஒரு நாடகம். அன்றைய இரவுக்குப் பதினெட்டாம் போர். பத்து அடி தள்ளி இன்னொரு ஊரின் போஸ்டர், வேறொரு ஜமா, அதாவது கூத்துக் குழு. ஒரே சுவரில் இரண்டு.

டீ 12 ரூபாய். “பத்து மணிக்கு டாண்ணு ஆரம்பிச்சிடுவாங்க” என்றார் கடைக்காரர். ஷேர் ஆட்டோவில் 20 ரூபாய் கொடுத்து மெயின் ரோட்டில் இறங்கி, உள்ளே ஒன்றரை கிலோமீட்டர் நடந்தேன். வழியில் இரண்டு வீடுகளில் தறிச் சத்தம் இன்னும் நிற்கவில்லை.

கோயிலுக்கு எதிர்த் திடலில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடந்தான். தலையிலிருந்து கால்வரை நடந்து பார்த்தேன். பதினைந்து எட்டு வைக்க வேண்டியிருந்தது. மீசைக்குக் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்கள். அது மறுநாள் காலைப் படுகளச் சடங்குக்கு. கூத்துக்கு மேடை என்று எதுவும் இல்லை. தரையில் தண்ணீர் தெளித்திருந்தது, நான்கு டியூப்லைட், குறுக்கே கட்டிய கயிற்றில் தொங்கும் மைக், பின்னால் ஒரு பெஞ்சு. அவ்வளவுதான்.

மணி பத்தே முக்காலுக்குத்தான் பெஞ்சு நிறைந்தது. ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், ஓரத்தில் முகவீணை. அந்த முகவீணைக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஒரு முழம்கூட இல்லாத குழல். நாதஸ்வரத்தைச் சின்னதாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. மாற்றுச் சீவாளிகள் நூலில் கட்டித் தொங்குகின்றன. ஒன்றை வாயில் வைத்து ஈரமாக்கி, சுருதி பார்த்து, பிடிக்காமல் கழற்றி அடுத்ததைச் செருகினார்.

“எவ்வளவு நேரம் ஊதுவீங்க அண்ணே?”

“விடியற வரைக்கும் சார். நடுவுல ஒரு டீ குடிப்பேன்.”

முதலில் தாளக்கருவிகள் மட்டும் கொஞ்ச நேரம் முழங்கின. களரி கட்டுவது அது. பிறகு கட்டியங்காரன் வந்து ஊரைச் சிரிக்கவைத்துவிட்டுப் போனான். அதன்பின் இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்தார்கள். திரைக்கு மேலே கிரீடத்தின் உச்சி மட்டும் தெரிந்தது. துரியோதனன் உள்ளே நின்றபடியே விருத்தம் எடுத்தான். அடி முடியும் இடத்தில் அவன் குரல் ஏறி நிற்க, முகவீணை மயிரிழை பின்தங்கி அதே வழியில் ஏறி வந்து சேர்ந்தது. எனக்கு முகாரி சாயல் கேட்டது. அடுத்த வளைவிலேயே அந்தச் சாயலும் இல்லை. திரை விலகியதும் தரு என்கிற ஆட்டப்பாட்டு தொடங்கியது. அவன் ஓர் அடி பாடினால் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பினார்கள். அவர்கள் பாடும் நேரத்தில் அவன் சுழன்று ஆடினான். மரக்கட்டை அணிகளில் பதித்த கண்ணாடிச் சில்லுகள் வெளிச்சத்தை நாலாபக்கமும் வீசின.

சினிமாப் பாட்டு நான்கைந்து நிமிடத்தில் முடிந்தாக வேண்டும். இங்கே ஒரு தரு எப்போது முடியும் என்பதை வேஷக்காரனின் மூச்சும் கூட்டத்தின் முகமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. சுருதி ஏகத்துக்கு மேலே. மைக் இல்லாத காலத்தில் திடலின் கடைசி வரிசைவரை போய்ச் சேர வேண்டிய குரல் அது. மைக் வந்தபிறகும் யாரும் இறக்கவில்லை. முதல் அரைமணி நேரம் காது கூசியது. அதன்பின் அந்த உச்சியே இயல்பாகிவிட்டது. சாதாரணக் குரலில் ஒருவர் வசனம் பேசியபோது ஏதோ குறைவதுபோல் இருந்தது.

‘கிழவர்கள்தான் பார்ப்பார்கள்’ என்பதும் நான் கேட்டுவந்த இன்னொரு செய்தி. இரவு ஒன்றரை மணிக்கு எழுந்து திடலைச் சுற்றி வந்தேன். இருநூறு பேருக்குக் குறையாது. முன்வரிசையில் பாயில் தூங்கும் பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் பாட்டிகள். ஓரத்தில் பைக்குகளின் மேல், ஒரகடத்துக் கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாத பையன்கள், ஷிஃப்ட் முடித்து நேராக வந்தவர்கள். ஒருவன் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் 100 ரூபாய் அன்பளிப்பு கொடுத்தான்; ஆட்டத்தை நிறுத்தி மைக்கில் அவன் பெயரைச் சொன்னார்கள்.

விடிந்து வெயில் ஏறியபிறகு கூட்டம் மூன்று மடங்கானது. வீமன் துரத்த, துரியோதனன் மண்ணுருவத்தைச் சுற்றி ஓடினான். தொடையில் அடி விழுந்து, திரௌபதி கூந்தலை முடிந்தபோது பெண்கள் குலவையிட்டார்கள். முகவீணைக்காரர் கண் சிவந்து இன்னும் ஊதிக்கொண்டிருந்தார்.

இந்தக் கலையை முறையாகக் கற்றுக்கொடுத்த இடமும் இந்த வட்டாரத்திலேயே இருக்கிறது. காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம். 1990-இல் கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும் ஆய்வாளர் ஹன்னே டி புரூயினும் முன்னின்று தொடங்கியது. அங்கே 2002 முதல் 2020 வரை நடந்த குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். பாடகர்கள் டி.எம். கிருஷ்ணா, சங்கீதா சிவகுமார் ஆகியோர் இந்தச் சங்கத்தின் கலைஞர்களோடு சேர்ந்து கர்நாடக இசையையும் கூத்தையும் ஒரே அரங்கில் ஏற்றியிருக்கிறார்கள்.

கேட்க விரும்புகிறவர்களுக்கு: பங்குனி முதல் ஆடி வரை இந்தப் பக்கம் சீசன். டிக்கெட் கிடையாது; உட்காரத் துண்டு ஒன்று வேண்டும். ஒரு ஜமா பிடித்துப்போனால் அதன் வாத்தியாரிடம் அடுத்த இரவுகள் எங்கே என்று கேளுங்கள். டைரியைப் பிரித்து ஊர் ஊராகச் சொல்வார். ஸ்பீக்கர் பெட்டிப் பக்கம் மட்டும் உட்காராதீர்கள். அதில் வருவது இரைச்சல். பாட்டு பெஞ்சுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.