லண்டன் பப்பில் ஒரு நல்ல சாப்பாடு

லண்டனில் ஆங்கிலேயரின் சொந்தச் சமையலை நல்ல தரத்தில் சாப்பிட விரும்புகிறவர் முதலில் போகவேண்டிய இடம் காஸ்ட்ரோபப் எனப்படும் சாப்பாட்டு பப். வெளியே பார்த்தால் அது தெருமுனையில் நூறாண்டுக்கு மேலாக நிற்கும் பழைய பியர்க்கடைதான். உள்ளே தேர்ந்த சமையல்காரர் ஒருவரின் குசினி இயங்குகிறது. மேசைவிரிப்பு கிடையாது. அன்று என்ன உண்டு என்பது கரும்பலகையில் வெண்கட்டியால் எழுதியிருக்கும். பியர் குடிக்க வந்தவரும் சாப்பிட வந்தவரும் ஒரே கூடத்தில் இருப்பார்கள். பெரிய உணவகங்களில் இருக்கும் அதே கைப்பக்குவம் இங்கே குறைந்த ஆடம்பரத்தோடும் பெரும்பாலும் குறைந்த விலையோடும் கிடைக்கிறது.

ஆனால் லண்டனில் இருபது, முப்பது ஆண்டுகளாக வாழும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்களில் பல, இந்த வாசலை ஒருநாளும் மிதித்ததில்லை. ஊரில் இருந்து கொண்டுவந்த தயக்கம் இதற்கு முதற் காரணம். மட்டக்களப்பு வாவிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையிலுள்ள ஆரையம்பதி போன்ற ஊர்களில் மது விற்கும் இடம் என்றால் தவறணை. அது ஆண்களின் இடம். குடும்பப் பொறுப்புள்ளவர் அதன் வாசலில் நின்றாலே ஊரில் கதை பரவிவிடும். சட்டமும் அப்படித்தான். தவறணையில் பெண்களுக்கு மது விற்கக்கூடாது என்ற 1979 ஆம் ஆண்டின் தடை 2018 ஜனவரியில் நீக்கப்பட்டு, சில நாட்களிலேயே ஜனாதிபதியின் உத்தரவால் மீண்டும் வந்தது. இந்தப் பின்னணியில் வளர்ந்த ஒருவர் லண்டனில் பப்பைக் கண்டதும் அதையும் தவறணை என்றே எடுத்துக்கொள்வது இயல்பு.

இரண்டாவது காரணம் பிரித்தானியாவின் பழைய வரலாறு. 1960 களில் பல பப்புகள் கறுப்பரையும் ஆசியரையும் உள்ளே விடவில்லை, அல்லது தனி அறையில் ஒதுக்கின. பர்மிங்ஹாமுக்கு அருகிலுள்ள ஸ்மெதிக் நகரில் இந்தியத் தொழிலாளர் சங்கம் இதை எதிர்த்துப் போராடியது. அச்சங்கத்தின் அழைப்பில் 1965 பெப்ரவரி 12 அன்று அங்கே வந்த அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மல்கம் எக்ஸுக்கும் ஒரு பப்பில் பரிமாற மறுத்தார்கள். அதே ஆண்டு வந்த இன உறவுச் சட்டம் பொது இடங்களில் நிறம் பார்த்து மறுப்பதைத் தடைசெய்தது. அந்தக் கதவைத் திறந்துவைத்தவர்களில் தெற்காசியத் தொழிலாளர்களும் அடங்குவர். பின்னால் வந்த தமிழர் அதன் வழியே உள்ளே போகத் தயங்க வேண்டியதில்லை.

இன்றைய லண்டன் பப்பின் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்த்தால் பாட்டி, பேரப்பிள்ளை, கைக்குழந்தை, நாய் எல்லாம் இருக்கும். 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும் பெரியவர்களோடு வரலாம். மது வாங்கும் வயது 18. மது குடிக்காதவர் பழச்சாறோ வெறும் தண்ணீரோ கேட்டால் யாரும் புருவம் உயர்த்துவதில்லை. இங்கிலாந்தில் 2007 ஜூலை 1 முதல் உள்ளே புகைபிடிப்பதும் இல்லை.

இவ்வகைப் பப் உருவான விதம்

நீண்ட காலம் லண்டன் பப்பில் சாப்பாடு என்றால் உருளைக்கிழங்குப் பொரியல் பொதியும் ஊறுகாய் முட்டையும், கிடைத்தால் மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுட்ட, சூடாக்கிய 'பை'யும்தான். பப்புகளில் மிகப் பெரிய பங்கு ஆறு பியர்க் கம்பனிகளின் கையில் இருந்தது. நடத்துகிறவருக்குத் தன் விருப்பப்படி எதையும் செய்ய இடமில்லை. 1989 இல் அரசு ஓர் ஆணை கொண்டுவந்தது. 2000 பப்புகளுக்கு மேல் வைத்திருந்த கம்பனிகள், அந்த மேலதிகத்தில் பாதியை 1992 நவம்பருக்குள் தங்கள் பிடியிலிருந்து விடவேண்டும். இதனால் ஆயிரக்கணக்கான பப்புகள் கைமாறின. உணவகம் திறக்கப் பணம் போதாத இளம் சமையல்காரர்களுக்குக் குறைந்த செலவில் குத்தகைக்கு இடம் கிடைத்தது.

அப்படி 1991 இல் மைக்கல் பெல்பெனும் டேவிட் அயரும் கிளார்க்கன்வெல் பகுதியில், ஃபரிங்டன் வீதியில் எடுத்து நடத்திய ஈகிள் என்ற பப்பே இவ்வகையில் முதலாவது எனக் கொள்ளப்படுகிறது. பியர் ஊற்றும் மேடைக்குப் பின்னாலேயே அடுப்பை வைத்தார்கள். சமைப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. போர்த்துக்கேய முறையில் மாட்டிறைச்சியை மசாலாவில் ஊறவைத்துச் சுட்டுப் பாணுக்குள் வைத்துத் தரும் உணவு அங்கே தொடக்கத்திலிருந்தே நிலைத்தது. கார்டியன் பத்திரிகையின் அலுவலகம் 2008 வரை அதே வீதியில் இருந்ததால் பத்திரிகையாளர் அங்கே சாப்பிட்டார்கள், எழுதினார்கள், பெயர் பரவியது.

இதே காலத்தில் ஃபேர்கஸ் ஹென்டர்சன் 1994 இல் சென்ற் ஜோன் உணவகத்தைத் திறந்தார். விலங்கைக் கொன்றால் மூக்கு முதல் வால் வரை எதையும் வீணாக்காமல் சமைக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. ஆட்டு ஈரலும் குடலும் தலையும் சமைத்த வீட்டிலிருந்து வந்தவருக்கு இக்கொள்கையை விளக்கத் தேவையில்லை. ஈகிள், சென்ற் ஜோன் ஆகிய இரு குசினிகளிலும் பழகியவர்களே பின்னாளில் லண்டனின் சிறந்த பப்புகள் பலவற்றை நடத்தினார்கள்.

நல்ல பப்பை அறியும் வழி

லண்டனில் ஆயிரக்கணக்கான பப்புகள் உண்டு. அவற்றில் நன்றாகச் சமைப்பவை சிலவே. பெரிய சங்கிலிக் கம்பனிகளின் பப்புகளில் உறைந்த உணவைச் சூடாக்கித் தருவது வழக்கம். நல்லதை வேறுபடுத்தும் அறிவு ஆரையம்பதியில் வளர்ந்தவரிடம் முன்பே இருக்கிறது. வாவிக்கரையில் இறாலும் நண்டும் திரளியும் வாங்குகிறவர் அன்று வலையில் என்ன பட்டது என்று பார்த்த பிறகே கறியைத் தீர்மானிப்பார். நல்ல பப்பும் அப்படித்தான் இயங்குகிறது. பட்டியல் சிறியதாக, எட்டுப் பத்து உணவுகளுக்குள் இருக்கவேண்டும். தேதி போட்டிருந்தால் நல்லது. மதியம் இருந்த ஒன்று இரவில் தீர்ந்துபோய் அழிக்கப்பட்டிருந்தால் இன்னும் நல்லது. ஐம்பது உணவுகளின் படங்களை அச்சிட்டு வைத்திருக்கும் இடத்தைத் தவிர்க்கலாம்.

பருவம் அறிந்து போவது அடுத்த விதி. ஏப்ரல் இறுதி முதல் ஜூன் வரை இங்கிலாந்தின் அஸ்பராகஸ் தண்டும், ஜேர்சித் தீவின் சிறு உருளைக்கிழங்கும் வரும். கோடையில் கோர்ன்வால், டெவன் கரைகளின் நண்டு வரும். அதை உறைப்புக் கறியாக எதிர்பார்க்கக்கூடாது. பிரித்தெடுத்த சதையைக் குளிராக, சுட்ட பாணின் மேல் வைத்துத் தருவார்கள். நண்டின் தனிச் சுவை அப்போது தெளிவாகத் தெரியும். ஓகஸ்ட் 12 இல் கிரவுஸ் பறவையின் வேட்டைக்காலமும் ஒக்டோபர் 1 இல் பெசன்ட் பறவையின் வேட்டைக்காலமும் தொடங்கும். குளிர்காலம் மான் இறைச்சிக்கும் நீண்ட நேரம் வேகவைத்த மாட்டு வாலுக்கும் உரியது. திருக்கையின் சிறகைப் பழுப்பாகக் காய்ச்சிய பட்டரிலும் புளிப்பான கேப்பர் மொட்டுகளிலும் சமைப்பது பிரெஞ்சுச் சமையலிலிருந்து வந்து லண்டன் பப்புகளிலும் வழங்கும் முறை. திருக்கை தின்று வளர்ந்த மட்டக்களப்பார் பப்புச் சமையலுக்குள் நுழைய அதைவிட எளிய வாசல் இல்லை.

எங்கே சாப்பிடலாம்

ஃபரிங்டன் ரயில் நிலையத்துக்குக் கிட்ட உள்ள ஈகிளில் தொடங்குவது முறை. வோட்டர்லூவுக்கு அருகே 2003 இல் திறந்த ஆங்கர் அண்ட் ஹோப், பலர் சேர்ந்து பகிரும் பெரிய இறைச்சித் துண்டுகளுக்குப் பெயர்பெற்றது. நாலைந்து பேராகப் போவது நல்லது. ஒரு சட்டியிலிருந்து எல்லோரும் எடுத்துச் சாப்பிடும் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்த மேசை உடனே பிடித்துவிடும். அதன் சகோதரக் கடையான கம்பர்வெல் ஆம்ஸ் 2014 இல் தெற்கு லண்டனில் திறந்தது. ஸ்டொக்வெல் பகுதியில் கன்டன் ஆம்ஸும் அதே வழியில் வந்தது. டூட்டிங்கில் வாழும் தமிழருக்கு இவ்விரண்டும் எட்டும் தூரம்.

கிழக்கே ஹக்னி வீதியில் உள்ள மார்க்ஸ்மன் பப்பை, சென்ற் ஜோனில் பயின்ற டொம் ஹரிஸும் ஜோன் ரொதெரமும் 2015 இல் எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். உணவகங்களைத் தரப்படுத்தும் மிஷ்லின் வழிகாட்டியின் 2017 ஆம் ஆண்டுக்கான சிறந்த பப் விருதைப் பெற்ற முதல் லண்டன் பப் அதுவே. மாட்டிறைச்சியும் பார்லியும் அடைத்த பஞ்சுபோன்ற பணிஸ் அங்கே முதலில் கேட்கவேண்டியது. மேற்கே ஃபுல்ஹமில் உள்ள ஹார்வுட் ஆம்ஸ், மிஷ்லின் நட்சத்திரம் பெற்ற முதல் லண்டன் பப். அந்தச் சிறப்பு 2010 இல் வந்தது. முட்டையைச் சுற்றி மான் இறைச்சி பொதிந்து பொரிக்கும் ஸ்கொட்ச் எக் அதன் அடையாளம். விலை கூடிய இடம், முன்கூட்டிப் பதிவு வேண்டும். கல்யாண நாள், பட்டமளிப்பு போன்ற நாட்களுக்கு அது பொருந்தும். கென்சிங்டனில் பூச்செடிகள் மூடிய சேர்ச்சில் ஆம்ஸ், பழைய ஆங்கிலப் பப்புக்குள் தாய்லாந்துச் சமையலைக் கொண்டுவந்த முன்னோடி. உறைப்பில்லாமல் சாப்பாடு இறங்காதவர் அங்கே தொடங்கலாம்.

ஞாயிறு மதியம்

பப்பின் வாராந்த விருந்து சண்டே ரோஸ்ட். அடுப்பில் வாட்டிய மாடு, ஆடு, பன்றி, கோழி ஆகியவற்றில் ஒன்றைத் தேரலாம். மொறுமொறுப்பான உருளைக்கிழங்கு, வேகவைத்த கீரை, கரட், மாவை ஊற்றிப் பொங்கச் சுட்ட யோர்க்சயர் புடிங், இறைச்சிச் சாற்றில் செய்த கிரேவி எல்லாம் தட்டில் சேர்ந்து வரும். மாட்டுக்கு ஹோர்ஸ்ராடிஷ் கிழங்கின் காரம், ஆட்டுக்குப் புதினாச் சாறு, பன்றிக்கு அப்பிள் மசியல் என்பது இணைகளின் மரபு. பல இடங்களில் இப்போது ஒரு தட்டு 20 பவுணைத் தாண்டும். பின்னேரத்தோடு ரோஸ்ட் முடிந்துவிடும் என்பதால் ஒரு மணிக்கு முன்பே போய்ச் சேரவேண்டும். ஆங்கிலேயக் குடும்பம் வாரத்தில் ஒருமுறை ஒன்றாக உட்காரும் வேளை இது. பிள்ளைகளின் பள்ளித் தோழர் வீட்டாரோடு நெருங்கவும் வேலைத்தலத்து நண்பரை அழைத்து உபசரிக்கவும் இதைவிட இயல்பான இடம் அரிது.

கவனிக்க வேண்டியவை

மாட்டிறைச்சி தவிர்ப்பவர் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். யோர்க்சயர் புடிங்கை மரபாக மாட்டுக் கொழுப்பில் சுடுவார்கள். பையின் மாவில் சூவெட் என்ற மாட்டுக் கொழுப்பு சேரலாம். உருளைக்கிழங்கை மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் இடங்களும் உண்டு. கிரேவியில் வைன் கலப்பதும் மீனுக்குப் பூசும் மாவில் பியர் ஊற்றுவதும் வழக்கம். வெள்ளிக்கிழமை மரக்கறி சாப்பிடுகிறவருக்கும் நல்ல பப்பில் குறைந்தது ஓர் உணவாவது இருக்கும். ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருட்கள் பற்றிய விபரத்தைத் தருவது 2014 டிசம்பர் முதல் சட்டக் கடமை. ஆரையம்பதிக்கு அடுத்த காத்தான்குடியிலிருந்து வந்த முஸ்லிம் நண்பர்களோடு போவதானால், இறைச்சி பெரும்பாலும் ஹலால் அல்ல என்பதையும் அங்கே மது பரிமாறுவார்கள் என்பதையும் முதலில் சொல்லி, அவர்கள் விருப்பத்தைக் கேட்பதே மரியாதை. அவர்கள் விரும்பாவிட்டால் வேறு உணவகத்துக்குப் போவது நல்லது.

பல பப்புகளில் மேசைக்கு யாரும் வந்து கேட்கமாட்டார்கள். மேசையைப் பிடித்து, அதன் இலக்கத்தைச் சொல்லி, மேடையில் கேட்டுப் பணம் கட்டவேண்டும். மேசைக்குப் பரிமாறும் இடங்களில் சேவைக் கட்டணமாக 12.5 சதவீதம் சேர்ப்பது லண்டன் வழக்கம். அது பெரும்பாலும் கட்டாயமில்லை. ஆயினும் 2024 ஒக்டோபர் 1 முதல் அமுலான சட்டத்தின்படி அந்தப் பணம் முழுவதும் தொழிலாளருக்கே போகிறது. லண்டன் குசினிகளில் பாத்திரம் கழுவித் தொடங்கிக் குடும்பத்தைக் கரைசேர்த்த தமிழர் அநேகர். அவர்கள் நின்ற இடத்தில் இன்று நிற்பவருக்குப் போகும் பணம் என்பதால் மனதார விடலாம்.

தெற்காசியச் சமையல் நுழைந்த பப்புகள்

பப்பும் ஒரே திசையில் மாறவில்லை. சவுத்தோலில் 1994 இல் திறந்த கிளாசி ஜங்ஷன் பஞ்சாபிச் சாப்பாடு தந்ததோடு இந்திய ரூபாயையும் வாங்கியது. 2012 இல் அது மூடப்பட்ட பின் அந்தக் கட்டடத்துக்குச் சரவணபவன் வந்தது. சோஹோவில் சண் அண்ட் தேர்ட்டீன் கன்டன்ஸ் என்ற பப்பின் குசினியில் சமைத்துப் பெயர் பெற்ற அஸ்மா கான் பிறகு டார்ஜிலிங் எக்ஸ்பிரஸ் உணவகத்தை நிறுவினார். இஸ்லிங்டனில் பழைய பப் ஒன்றை எடுத்து 2022 இல் த தமிழ் பிரின்ஸ் என்ற பெயரில் திறந்தவர்கள், தமிழ்நாட்டைச் சேர்ந்த சமையல்காரர் பிரின்ஸ் துரைராஜும் கிளென் லீசனும். மறு ஆண்டு ஏஞ்சல் பகுதியில் த தமிழ் கிரவுன் வந்தது. வெண்டைக்காய்ப் பொரியலுக்கும் ரொட்டிக்கும் ஆங்கிலேயர் அங்கே வரிசையில் நிற்கிறார்கள்.

மட்டக்களப்புச் சமையலுக்கென்று அப்படி ஒரு பப் வருவதற்கும் இடம் இருக்கிறது. வாவி நண்டுக் கறி, இறால் பொரியல், முருங்கையிலைச் சுண்டல், பிட்டு, சட்டித் தயிரும் தேனும் என்று கரும்பலகையில் எழுதினால் அது லண்டன் பப்பின் இயல்புக்கு மாறானதல்ல. அன்று கிடைத்ததை அன்றே சமைப்பதுதான் இரண்டு மரபுக்கும் அடிப்படை. ஆனால் இன்னொருவர் பப்பில் ஒருநாளும் சாப்பிடாதவர் நல்ல பப் நடத்த முடியாது. லண்டனில் பிறந்து வளரும் பிள்ளைகள் அந்தக் கூடத்தை முன்பே தங்களுடையதாக்கிவிட்டார்கள். பெற்றோர் வருகிற ஞாயிறு மதியம் அவர்களோடு போய் அந்த நாட்டின் சாப்பாட்டை மரியாதையோடு சாப்பிட்டுப் பார்க்கவேண்டும்.