11 வருஷம் நர்ஸ்... மறுபடியும் மாணவி!

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மலையைப் பார்த்துப் போனால் செண்பகத்தோப்பு. மாந்தோப்புகள், ஓடை, பேச்சியம்மன் கோயில், அதைத் தாண்டினால் சாம்பல் நிற அணில்கள் வாழும் காடு. ராஜபாளையத்தைச் சேர்ந்த அந்த நர்ஸ், கட்டுச்சோறும் கையில் மகளுமாகப் பல ஞாயிற்றுக்கிழமைகள் அங்கே போயிருக்கிறார். அன்றைக்குக் கட்டுச்சோறு இல்லை. தோளில் ஒரு பை, அதற்குள் பி.பி. பார்க்கும் கருவி, குறிப்பு நோட்டு. உடம்பில் மாணவிகள் போடும் சீருடை. வயது 34.

பிளஸ் டூ முடித்து, ஜி.என்.எம். எனப்படும் நர்ஸிங் டிப்ளோமா படித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்தவர். தனியார் மருத்துவமனை ஒன்றில் 11 வருஷம் வேலை. இருட்டிலும் நரம்பைத் தேடிப் பிடித்து ஊசி போட்டுவிடுவார் என்று வார்டில் பெயர். புதிதாக வந்த பி.எஸ்சி. பெண்ணுக்கு டிரிப் போடக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். இரண்டே வருஷத்தில் அந்தப் பெண் வார்டு இன்சார்ஜ் ஆனாள். இவர் அதே இடத்தில் நின்றார்.

அப்போதுதான் 'போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்ஸிங்' பற்றி விசாரித்தார். டிப்ளோமா நர்ஸ்களைப் பட்டதாரி ஆக்கும் 2 வருஷப் படிப்பு. நான்கு வருஷ பி.எஸ்சி.யை முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை. ஆனால், முழுநேரப் படிப்பு என்பதால் வேலையை விட வேண்டும்.

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி ஓட்டிய அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை.

"கையில இருக்கிற வேலைய விட்டுட்டு, பிள்ளைய பெத்தவ பள்ளிக்கூடம் போவாளா தாயி?"

மில்லில் ஷிப்ட் பார்க்கும் கணவர் மட்டும், "ரெண்டு வருஷந்தானே, சமாளிப்போம்" என்றார். அந்த நம்பிக்கையில் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின.

முதல் வருஷம் கோபம்தான் வந்தது. பாட அட்டவணையில் முதல் பாடமே நர்ஸிங் அடிப்படைகள். படுக்கை விரிப்பதைப் பற்றிப் பரீட்சை எழுதவா வேலையை விட்டோம் என்று இரவில் அழுதிருக்கிறார். நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், உளவியல் என்று ஒவ்வொன்றாக வந்தபோது கோபம் கொஞ்சம் இறங்கியது. 11 வருஷம் கையால் செய்ததற்கெல்லாம் புத்தகத்தில் காரணம் எழுதியிருந்தது. இரண்டாம் வருஷம் சமூக நல நர்ஸிங், மனநலம், கற்பித்தல், நிர்வாகம், ஆய்வும் புள்ளியியலும். சமூக நலப் பாடத்துக்காக வீடு வீடாகப் போனபோதுதான் செண்பகத்தோப்பு வந்தது.

அங்கே மாந்தோப்புக் காவலுக்கு இருக்கும் ஒரு தாத்தாவுக்கு ரத்த அழுத்தம் எகிறியிருந்தது. மாத்திரை இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது. அட்டை அட்டையாகப் பிரிக்காமல் டப்பாவில் கிடந்தது.

வார்டாக இருந்திருந்தால், "தாத்தா, மாத்திரைய விடாம போடணும். சரியா?" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்திருப்பார். அன்றைக்கு ஓட வேண்டிய அடுத்த படுக்கை இல்லை. கயிற்றுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஏன் தாத்தா போடல?"

நெடுநேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "ராத்திரி சாப்பிட்டுப் போடுவேன் தாயி. அதப் போட்டா மூணு தடவ ஒண்ணுக்கு எந்திரிக்கணும். தோப்புக்குள்ள ஆன வருது. இருட்டுல எப்படி வெளிய போக?"

அந்த மாத்திரைகளில் ஒன்று நீர் பிரிய வைத்து அழுத்தத்தைக் குறைப்பது. அதை வழக்கமாகக் காலையில்தான் போடச் சொல்வார்கள். மாத்திரை நேரத்தை மாற்றும் அதிகாரம் நர்ஸுக்கு இல்லை. நோட்டில் எழுதிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் சொன்னார். டாக்டர் காலை வேளைக்கு மாற்றிக் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்துப் போனபோது அட்டையில் பாதி காலி. அழுத்தமும் இறங்கியிருந்தது.

திரும்பி வரும் வழியில் தன்னிடம் 'சரியா?' என்று கேட்கப்பட்டுத் தலையாட்டிய எத்தனையோ முகங்கள் அவருக்கு ஞாபகம் வந்தன.

இப்போது அவர் எம்.எஸ்சி. நர்ஸிங்குக்குத் தயாராகிறார். அமெரிக்காவில் பதிவு பெற்ற நர்ஸ்கள், இடைப்பட்ட பாடங்களை மட்டும் முடித்து நேராக முதுநிலைக்குப் போகும் இணைப்புப் படிப்புகள் இருக்கின்றன. நம் ஊரில் இரண்டு படிகள்: போஸ்ட் பேசிக் 2 வருஷம், பிறகு எம்.எஸ்சி. 2 வருஷம். எம்.எஸ்சி.க்கு இந்திய நர்ஸிங் கவுன்சில் விதிப்படி பட்டப்படிப்பில் 55 சதவிகித மதிப்பெண்ணும் ஒரு வருஷ வேலை அனுபவமும் வேண்டும். அந்த அனுபவம் போஸ்ட் பேசிக்குக்கு முன்னால் பெற்றதாகவும் இருக்கலாம். இவருடைய 11 வருஷம் வீணாகவில்லை.

வேலூர் சி.எம்.சி.யிலும் டெல்லியிலும் நர்ஸிங்கைப் பட்டப்படிப்பாகத் தொடங்கியது 1946-ல். எம்.எஸ்சி. டெல்லியில் 1959-ல் வந்தது. அந்தப் படியில் கால் வைக்க ராஜபாளையத்து டிப்ளோமா நர்ஸ் ஒருவர் வளையலை அடகு வைக்க வேண்டியிருக்கிறது. வளையல்கள் இன்னும் திரும்பி வரவில்லை. இரண்டாம் வருஷக் கட்டணத்துக்குத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தவர், 'பள்ளிக்கூடம் போவாளா' என்று கேட்ட அதே அம்மா.

எம்.எஸ்சி.யில் ஆய்வு ஒன்றும் செய்ய வேண்டும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதற்கான கேள்வியை இப்போதே எழுதி வைத்திருக்கிறார்: 'மலையடிவாரத்தில் எத்தனை பேர் மாத்திரையை நிறுத்துகிறார்கள்? ஏன்?'

'ஏன்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார்.