உப்புக்காற்றில் ஒரு பைக்

ராமேஸ்வரத்தில் பைக் வைத்திருப்பவனுக்குத் துரு என்பது நிரந்தர வேலை. ஒருநாள் துடைக்காமல் விட்டால் ஸ்போக்ஸில் புள்ளி விழுந்துவிடும். செயினுக்கு எண்ணெய் போடாவிட்டால் உப்பு தின்னும். அதிகம் போட்டாலோ தனுஷ்கோடி மணல் அதில் ஒட்டி, உப்புத்தாள் போலப் பற்சக்கரத்தைத் தேய்த்துவிடும். அளவாகப் போட்டு, மிச்சத்தைத் துணியால் வழித்தெடுக்க வேண்டும். கழுவ நல்ல தண்ணீர்தான் வேண்டும், உவர்நீர் ஆகாது. இங்கே நல்ல தண்ணீரின் அருமை எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் ஒரு வாளியை வண்டிக்கு ஒதுக்கிவிடுகிறேன்.

ஆனாலும் இந்தத் தீவை பைக்கில்தான் பார்க்க வேண்டும் என்பேன். 1964 புயல் தனுஷ்கோடி ஊரையே அழித்த பிறகு, தீவின் கோடியிலுள்ள அரிச்சல்முனைக்குப் பல ஆண்டுகள் மணலில் வேன்கள்தான் தத்தளித்துப் போயின. 2017-இல் தார்ச்சாலை திறந்தார்கள். இரண்டு பக்கமும் கடல், நடுவில் நாம். அந்த ஓட்டத்துக்கு ஈடு எனக்கு வேறில்லை.

வெளியூர்த் தம்பிகளே, ஆடி மாதத்தில் பாம்பன் சாலைப் பாலத்தில் தயவுசெய்து வேகம் வேண்டாம். மன்னார் வளைகுடாப் பக்கமிருந்து அடிக்கும் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். படமெடுக்க நடுப்பாலத்தில் நிறுத்தவும் வேண்டாம். அரிச்சல்முனைச் சாலையில் மணல் ஏறிக் கிடந்தால் முன்பிரேக்கைத் தொடாதீர்கள்.

இங்கே பழைய வண்டி வாங்குகிறவர்கள் பெயின்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள். குனிந்து டேங்கின் அடிப்பகுதியையும் சைலன்சர் வளைவையும் விரலால் தடவிப் பாருங்கள்.