வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகள் வர்றாங்க... பாட்டியும் கூட வர்ற மாதிரி ஒரு பயணத் திட்டம்!

பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வருகிறார்கள் என்று தெரிந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் முளைத்துவிடும். பெங்களூரில் இறங்கி மைசூர், ஊட்டி, மதுரை, ராமேஸ்வரம், கன்னியாகுமரி, திரும்பும் வழியில் திருவண்ணாமலை. எல்லாம் பத்தே நாளில்! மேப்பில் பார்த்தால் முடியும் போலத்தான் தெரியும்.

கிளம்பிய பிறகுதான் கணக்கு உதைக்கும். தினமும் ஆறு, ஏழு மணி நேரம் காருக்குள் கழியும். பேரப்பிள்ளைகள் அதிகம் பார்த்தது முன்சீட்டின் முதுகாக இருக்கும். முட்டிவலிக்காரப் பாட்டி முதல் நாளே, ‘நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் வீட்ல இருக்கேன்’ என்று ஒதுங்கிக்கொள்வார். யாரைப் பார்க்க டிக்கெட் எடுத்து வந்தார்களோ, அவரே பயணத்தில் இருக்க மாட்டார். அடுத்த லீவு இரண்டு வருடம் கழித்தோ, மூன்று வருடம் கழித்தோ!

இதற்கு மாற்றாக, ஒரே ஊரில் தங்கி அங்கிருந்து சின்னச் சின்னதாகச் சுற்றலாம். பெங்களூரில் இறங்குபவர்களுக்கு அதற்கு வாகான ஊர் ஓசூர். தமிழ்நாட்டின் வாசல் என்றாலும், பெரும்பாலானவர்கள் கார் கண்ணாடி வழியாக சிப்காட் போர்டைப் பார்த்ததோடு கடந்துவிடுகிற ஊர்.

இறங்கிய நாளில் எதுவும் வேண்டாம்

பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. ஓசூர் நகரத்துக்குத் தெற்கே. நடுவில் பெங்களூர் முழுவதையும் கடக்க வேண்டும். தூரம் ஏறக்குறைய 75 கிலோமீட்டர்தான். நள்ளிரவில் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம். மாலை அலுவலகம் விடும் நேரத்தில் இறங்கினால் நான்கு மணி நேரம் ஆனாலும் ஆச்சரியமில்லை. நகருக்குள் நுழையாமல் ஹொசகோட்டை, மாலூர் வழியாகவும் ஓசூர் வரலாம். எந்த வழி என்பதை டிரைவரிடம் முன்பே பேசிக்கொள்வது நல்லது.

வெள்ளிக்கிழமை மாலை பெங்களூரிலிருந்து வெளியேறும் வண்டிகளும், ஞாயிறு மாலை திரும்பும் வண்டிகளும் அத்திப்பள்ளி எல்லையில் நெருக்கும். தீபாவளி, பொங்கல் சமயத்தில் கிருஷ்ணகிரி டோல்கேட் வரை இதே கதைதான். கூடுமானவரை செவ்வாய், புதன் போன்ற நாளில் டிக்கெட் எடுத்தால் பாதித் தலைவலி போய்விடும்.

அமெரிக்கா, கனடாவிலிருந்து வருபவர்களுக்குப் பகல் இரவாகவும் இரவு பகலாகவும் மாறியிருக்கும். அதிகாலை இரண்டு மணிக்குக் குழந்தை ‘பசிக்குது’ என்று எழுந்து உட்காரும். முதல் இரண்டு நாளுக்கு எந்தத் திட்டமும் வேண்டாம். தூக்கமும் பாட்டி கைச் சாப்பாடும் போதும்.

சீட்டோடு பெட்டியையும் எண்ணுங்கள்

‘ஏழு சீட் வண்டி, ஆறு பேர், சரியாக இருக்கும்’ என்று புக் செய்துவிடுவார்கள். விமானத்தில் தலைக்கு இரண்டு பெரிய பெட்டி என்றால், நான்கு பேருக்கு எட்டுப் பெட்டி. ஏழு சீட்டிலும் ஆள் உட்கார்ந்தால் பின்னால் பெட்டி வைக்க இடமே இருக்காது. விமான நிலையத்துக்கு டெம்போ டிராவலர், ஊர் சுற்ற ஏழு சீட் கார் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

வாடகை வண்டி பேசும்போது நான்கு விஷயங்களைக் கேட்க வேண்டும். ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டருக்குக் காசு, டிரைவர் பேட்டா எவ்வளவு, டோல் யார் கணக்கு, மாநிலம் தாண்டும் பெர்மிட் உண்டா? கர்நாடகப் பதிவு வண்டி தமிழ்நாட்டுக்குள் வாடகைக்கு ஓட அதற்கான பெர்மிட்டோ வரியோ கட்டியிருக்க வேண்டும். எல்லையில் நிறுத்திய பிறகு வாக்குவாதம் செய்வதைவிட முன்பே கேட்பது மேல். ‘தெரிந்தவர் வண்டி, விலை குறைவு’ என்று வெள்ளை போர்டு காரை வாடகைக்கு எடுத்தால், விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸில் சிக்கல் வரும். மஞ்சள் போர்டுதான் சரி.

மகன் தானே ஓட்டுகிறேன் என்றால், வெளிநாட்டு லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். சாலையின் வலப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் தூக்கக் கலக்கத்தோடு தேசிய நெடுஞ்சாலை 44-இல் லாரிகளுக்கு நடுவே பரிசோதனை செய்ய வேண்டாம். குழந்தைகளுக்கான கார் சீட் வாடகை வண்டிகளில் கிடைப்பது அரிது. வரும்போதே கொண்டுவந்துவிடலாம்.

ஓட்டலில் தங்கினால் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும். வெளிநாட்டுக் குடிமக்கள் தங்கும்போது ஓட்டல்காரர்கள் அதற்கான படிவம் பதிய வேண்டும் என்பது விதி.

முதல் நாள்: ஓசூரிலேயே

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னை வெயிலில் வாடும் குழந்தைகளும் இங்கே வெளியில் விளையாடுவார்கள். காலையில் சந்திர சூடேஸ்வரர் மலைக்கோயில். மேலே வரை வண்டி போகும் என்பதால் பாட்டியும் வரலாம்.

அங்கிருந்து சில கிலோமீட்டரில் தொரப்பள்ளி. சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஒரே இந்தியரான ராஜாஜி, 1878 டிசம்பர் 10 அன்று பிறந்த கிராமம். அவர் பிறந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. இவ்வளவு சின்னத் தெருவிலிருந்து ஒருவர் டெல்லி மாளிகை வரை போனார் என்பதைப் புத்தகத்தில் படிப்பதைவிட அந்த வாசலில் நின்று கேட்டால் குழந்தைகளுக்கு மனதில் நிற்கும்.

மாலையில் சிப்காட் பக்கம் ஒரு சுற்று. டைட்டன், டிவிஎஸ், அசோக் லேலண்ட் எல்லாம் இங்கே இருக்கின்றன. நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாது. ஆனால், இந்த ஊரில் பல தாத்தாக்கள் முப்பது வருடம் ஷிஃப்ட் பார்த்த கேட் அது. ‘இங்கேதான் தாத்தா வேலை பார்த்தேன்’ என்று பேரனுக்குக் காட்டப் பத்து நிமிடம் போதும். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் மட்டும் போக வேண்டாம். கம்பெனி பஸ்கள் சாலையை அடைத்துக்கொள்ளும்.

இன்னொன்று. ஓசூர்க் கடைத்தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து கேட்கும். பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகப் பேசும் குழந்தையை இங்கே யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை. கூச்சமில்லாமல் கடையில் போய்த் தானே முறுக்கு வாங்கிப் பழக நல்ல ஊர்.

இரண்டாம் நாள்: கிருஷ்ணகிரி

ஓசூரிலிருந்து 50 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். காலையிலேயே கிளம்பிவிட்டால் இளையவர்கள் வெயில் ஏறுவதற்குள் கிருஷ்ணகிரிக் கோட்டை மலையில் ஏறி இறங்கலாம். பாராமகால் என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதி, 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போனது.

அந்த நேரத்தில் பெரியவர்கள் கிருஷ்ணகிரி அணைப் பூங்காவில் நிழலில் உட்காரலாம். 1950-களில் காமராஜர் ஆட்சியில் முடிந்த அணை இது. இதில் தேங்குவது தென்பெண்ணை ஆறு. விமானம் இறங்கிய தேவனஹள்ளிக்கு அருகே உள்ள நந்தி மலையில் பிறந்து, ஓசூர் வழியாக இங்கே வந்து, கடலூர் அருகே கடலில் சேர்கிறது. வந்தவர்களும் ஆறு வந்த திசையில்தான் வந்திருக்கிறார்கள்.

மதியம் ராகி களி சாப்பிட்டுவிட்டு அரசு அருங்காட்சியகம் போகலாம். விடுமுறை நாளை முன்பே கேட்டுக்கொள்ளவும். இந்த மாவட்டத்தின் மயிலாடும்பாறையில் கிடைத்த சான்றுகளை வைத்து, 4,200 ஆண்டுகளுக்கு முன்பே தமிழகத்தில் இரும்பு பயன்பாட்டில் இருந்ததாக 2022-இல் அரசு அறிவித்தது. பிறகு தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை அதையும் முந்தியது. ஸ்கூட்டரும் லாரியும் செய்யும் மாவட்டத்துக்கு இரும்போடு உறவு புதிதல்ல!

மூன்றாம் நாள்: தளியா, ஒகேனக்கல்லா?

இரண்டில் ஒன்றுதான். பாட்டி வருவதாக இருந்தால் தளி. ஓசூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். குளிர்ச்சியால் ‘குட்டி இங்கிலாந்து’ என்று பெயர் வாங்கிய ஊர். வழியெல்லாம் ரோஜா, காய்கறி வளர்க்கும் பசுமைக் குடில்கள்.

ஒகேனக்கல் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாகச் சுமார் 85 கிலோமீட்டர். காட்டுச் சாலை என்பதால் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். போக வர ஆறு மணி நேரம். காவிரியில் வெள்ளம் வந்தால் பரிசலும் குளியலும் நிறுத்திவிடுவார்கள். கிளம்பும் நாள் காலையில் விசாரிக்காமல் குழந்தைகளிடம் பரிசல் என்று வாய்விட வேண்டாம்!

எந்தப் பக்கம் போனாலும் இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். மழைக்காலம் முடிந்து ராகி அறுவடையாகும் மாதங்களில் பன்னேருகட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி, சானமாவு பக்கம் வரும். வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுக்கிற இடமல்ல அது.

மாதத்துக்குத் தக்க ஆசை

ஜூனில் வருபவர்களுக்குக் கிருஷ்ணகிரி மாம்பழம் கிடைக்கும். மாங்கூழ் ஆலைகளுக்குப் போகும் லாரிகளில் கிளிமூக்கு மாங்காய் குவிந்திருக்கும். டிசம்பரில் வந்து மாம்பழம் கேட்டால் கிடைக்காது. அதற்குப் பதில் குளிர் உண்டு, காதலர் தினத்துக்குத் தயாராகும் ரோஜாத் தோட்டங்கள் உண்டு. எந்த மாதம் வருகிறார்களோ, அந்த மாதம் தருவதைத் திட்டத்தில் போடுங்கள்.

நான்காம் நாளைக் காலியாக விடுவது நல்லது. யாருக்காவது வயிறு சரியில்லாமல் போகும், பெரியம்மா வீட்டில் விருந்து என்று அழைப்பு வரும், இல்லை மழை பிடித்துக்கொள்ளும். அதன் பிறகும் ஆசை இருந்தால் கிருஷ்ணகிரியிலிருந்து வேலூர் வழியாகச் சென்னைக்கும், தர்மபுரி வழியாகச் சேலத்துக்கும் நல்ல சாலை போகிறது. சேலம் என்றால் தொப்பூர் கணவாயைப் பகலிலேயே கடந்துவிடுங்கள்.

திட்டம் போடும்போது ஒவ்வொரு இடத்துக்கும் நேராக ஒரு கேள்வியை எழுதிப் பாருங்கள்: ‘இங்கே பாட்டி வர முடியுமா?’ முடியாத இடங்களைத் தனியாக எழுதி வையுங்கள். பிள்ளைகள் அடுத்த முறை வரும்போதும் மைசூரும் ஊட்டியும் அங்கேயேதான் இருக்கும்.