நேரும் நிரையும், பூச்சியமும் ஒன்றும்

2023-ஆம் ஆண்டு முழுவதும் நாங்கள் இருவர் ஒரு தேர்வுக்காகப் படித்தோம். தேர்வு எழுதியவன் தம்பி. உடன் அமர்ந்தவன் அண்ணன். இதை எழுதுவது அண்ணன்தான் என்றாலும், 'நான்' என்று தொடங்கும்போதெல்லாம் கை தயங்குகிறது. ஆகவே நாங்கள் என்றே எழுதுகிறோம். தனித்துச் சொல்ல வேண்டிய இடங்களில் மட்டும் அண்ணன், தம்பி என்று குறிக்கிறோம். இலக்கியம் பேசும் இடத்தில் கணினி வலையமைப்புத் தேர்வுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சற்றுப் பொறுத்து வாசிக்க வேண்டுகிறோம், யாப்பிலக்கணம் வரும்.

முதலில் பழைய கதை. 1999-இல் அண்ணன் இளங்கலை முடித்தான். தம்பி பத்தாம் வகுப்பு முடித்தான். அப்பா இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. அடகு வைக்க அம்மாவிடம் ஒரே ஒரு சங்கிலிதான் மிச்சம். அது அண்ணனின் முதுகலைத் தமிழுக்குப் போயிற்று. கணக்கில் 96 வாங்கியிருந்த தம்பி மேல்நிலைப் பள்ளிக்குப் போகாமல் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் பட்டயத்தில் சேர்ந்தான். 'மூணே வருசத்துல சம்பாதிக்கலாம்' என்று அவனே சொன்னதாகத்தான் எங்கள் வீட்டில் இன்றுவரை பேச்சு. அவனிடம் யாரும் கேட்கவில்லை என்பதே உண்மை. அதன்பின் அண்ணன் கௌரவ விரிவுரையாளராக அலைந்த எட்டு ஆண்டுகளும் வீட்டில் அடுப்பெரிந்தது தம்பி கேபிள் இழுத்த காசில்.

கேபிள் இழுப்பதை யாரும் எளிதாக எண்ணிவிட வேண்டாம். ஒரு கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்ற வரிசையில் அவற்றை நிறுத்திக் கனெக்டரில் செருகி அழுத்த வேண்டும். மின்சாரம் போன இருட்டிலும், விரலால் தடவியே அவன் அந்த வேலையை முடிப்பதை நாங்கள் வீட்டில் பார்த்திருக்கிறோம். இருபது ஆண்டுகளில் பாளையங்கோட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் அவன் கம்பி போடாத கல்லூரி, துணிக்கடை, மருத்துவமனை குறைவு.

2021-இல் ஏணியிலிருந்து விழுந்தான். முழங்கால் மூட்டு விலகியது. இனி ஏணி ஏறக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவன் வேலை பார்த்த நிறுவனத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை இருந்தது. வாடிக்கையாளர்களின் வலையமைப்பைத் திரையில் கண்காணித்துக் கோளாறு நீக்கும் வேலை அது. ஆனால் அதற்கு சிசிஎன்ஏ சான்றிதழ் வேண்டும் என்றார்கள். சிஸ்கோ நிறுவனம் 1998-இல் தொடங்கிய சான்றிதழ் அது. தேர்வுக் கட்டணம் 300 டாலர். வரியோடு சேர்த்தால் 25,000 ரூபாயைத் தாண்டும். தம்பியின் அப்போதைய மாதச் சம்பளம் அதைவிடக் குறைவு.

2023 சனவரியில் முதல்முறை எழுதினான். தனியாகவே படித்தான். வெண்டல் ஓடம் எழுதிய இரண்டு பருத்த தொகுதிகளையும் பழைய புத்தகமாக வாங்கி வைத்துக்கொண்டு, யூடியூப் காணொளிகளை இரவெல்லாம் பார்த்தான். தோற்றான். நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் மொட்டைமாடியில் அண்ணனிடம் சொன்னது இது:

"கேபிள்ல கோளாறுன்னா கை சொல்லிரும்ணே. கேள்வில கோளாறுன்னா யாரு சொல்லுவா?"

நாங்கள் சேர்ந்து படிக்கத் தொடங்கியது அந்த இரவில்தான்.

தமிழ் படித்த அண்ணனுக்கு ரவுட்டருக்கும் ஸ்விட்சுக்கும் வேறுபாடு தெரியாது. தன்னால் ஆகக்கூடியது கலைச்சொல் உதவி என்று எண்ணிக்கொண்டு, அவன் முதல் வாரம் திசைவி, நிலைமாற்றி என்று பட்டியல் எழுதிக் கொண்டுபோனான். தம்பி சிரித்தான். "கடையில போயி ஒரு திசைவி குடுங்கன்னு கேட்டா, காம்பஸ் எடுத்துக் குடுப்பான்" என்றான். பட்டியலைக் கிழித்தோம்.

பயிற்சி வினாக்களை ஒவ்வொன்றாக எடுத்து அவன் தவறியவற்றைப் பிரித்துப் பார்த்தபோது வேறோர் உண்மை தெரிந்தது. அவனைக் கவிழ்த்தவை கலைச்சொற்கள் அல்ல. அவை அவனுக்கு நாக்கில் ஊறியவை. கவிழ்த்தவை சாதாரண ஆங்கிலச் சொற்கள். 'எக்செப்ட்' என்று ஒரு சொல் வந்தால் கேள்வியே தலைகீழாகிறது. 'மோஸ்ட் லைக்லி' என்றால் நான்கு விடைகளுமே ஓரளவு பொருந்தும். அவற்றுள் எது கூடுதலாகப் பொருந்தும் என்று பார்க்க வேண்டும். 'அன்லெஸ்', 'ரிகார்ட்லெஸ்', 'பிரையர் டு' என்று அத்தகைய சொற்கள் 43 தேறின. தமிழ்வழியில் படித்தவன் தொழிலின் ஆங்கிலத்தைத் தொழிலிலிருந்தே கற்றுக்கொள்கிறான். வினாத்தாளின் ஆங்கிலத்தை எங்கிருந்து கற்பான்? நாங்கள் எழுதிய அவ்வாண்டில் அத்தேர்வு ஆங்கிலத்திலும் ஜப்பானியத்திலும் மட்டுமே இருந்தது. ஜப்பானியருக்குக் கிடைத்ததைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டு, 43 சொற்களையும் 40 பக்க நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நெல்லைத் தமிழில் ஒரு வாக்கியம் அமைத்தோம்.

அடுத்த தடை சப்நெட்டிங். வாசகர்க்குச் சுருக்கமாகச் சொல்கிறோம். வலையமைப்பில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி உண்டு. 1981-இல் வரையறுக்கப்பட்டு இன்றும் பெருவழக்கில் உள்ள நான்காம் பதிப்பில், அது பூச்சியமும் ஒன்றுமாக 32 இலக்கம் கொண்டது. எட்டெட்டாகப் பிரித்து 192.168.10.77 என்பதுபோல் நான்கு எண்களாக எழுதுவார்கள். அந்த 32-இல் முன்பகுதி தெருவைக் குறிக்கும். பின்பகுதி வீட்டைக் குறிக்கும். எங்கே வெட்டுவது என்பதைச் சொல்வதே சப்நெட். வேலையில் இதை மென்பொருள் கணக்கிட்டுத் தந்துவிடும். தேர்வில் கால்குலேட்டர் கிடையாது. மனத்தால் வெட்ட வேண்டும். தம்பி அங்கே ஒவ்வொரு முறையும் தடுமாறினான்.

ஒருநாள் அவன் நோட்டில் பூச்சியமும் ஒன்றுமாக எழுதிக்கொண்டிருந்ததை அண்ணன் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் வகுப்புக்காக அவன் கையில் இருந்தது யாப்பருங்கலக்காரிகை. இரண்டே அசைகள், நேரும் நிரையும். ஓரசையில் இரண்டு வகை, ஈரசையில் நான்கு, மூவசையில் எட்டு, நாலசையில் பதினாறு. அசை ஒன்று கூடக்கூட வகை இரட்டிக்கிறது. தம்பியின் நோட்டிலும் அதே கணக்குத்தான் இருந்தது.

"பத்தாங்கிளாஸ்ல அலகிட்டு வாய்பாடு எழுதினது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டோம். 'கேட்டோம்' என்றது பழக்கதோஷம், கேட்டது அண்ணன். தம்பி யோசிக்காமல் ஒப்பித்தான். நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நிரை நிரை கருவிளம், நேர் நிரை கூவிளம். இருபத்து நான்கு ஆண்டு கழித்தும் ஒரு பிசகில்லை.

பூச்சியத்தை நேர் என்று வை, ஒன்றை நிரை என்று வை. எட்டு இலக்கம் என்பது ஈரசைச்சீர் நான்கு, அதாவது ஓர் அளவடி. 32 இலக்க முகவரி என்பது நான்கு அளவடி. 77 என்ற எண் 01001101. சீர்பிரித்தால் கூவிளம் தேமா கருவிளம் கூவிளம். 26-ஆம் இலக்கத்தில் வெட்டு என்கிறது கேள்வி. மூன்று அடிகள் முடிந்து நான்காம் அடியின் முதற்சீரோடு வெட்டு விழுகிறது. ஆக, கடைசி அடியின் முதற்சீர்தான் தெரு. தேமா என்று தொடங்கினால் 0, கூவிளம் என்றால் 64, புளிமா என்றால் 128, கருவிளம் என்றால் 192. தெருக்கள் நான்கே. 77 கூவிளத் தெருவில் இருக்கிறது. அத்தெருவின் முதல் முகவரி கூவிளம் தேமா தேமா தேமா, அதாவது 64. கடைசி முகவரி கூவிளம் கருவிளம் கருவிளம் கருவிளம், அதாவது 127. முதலும் கடைசியும் வீட்டுக்குக் கொடுக்கலாகாது. இடையில் 62 வீடுகள்.

தம்பி நோட்டை மூடிவைத்துவிட்டுச் சற்றுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "இத முதல்லயே சொல்லிருக்கலாம்லாண்ணே" என்றான். முதலில் அண்ணனுக்கே தெரியாது. முப்பது ஆண்டு யாப்பு படித்தும் கற்பித்தும் வந்தவனுக்கு, அது வேறெதற்காவது உதவும் என்று தோன்றியதே இல்லை. அதன்பின் நாள்தோறும் இருபது முகவரிகளை அலகிட்டோம். மூன்று வாரத்தில் வாய்பாடு உதிர்ந்து, எண் மட்டும் அவன் மனத்தில் நின்றது. ஏணியைப் பிறகு எடுத்துவிடலாம்.

கற்பித்தல் ஒருவழிப்பாதையாக இருக்கவில்லை. ஸ்விட்சுகளைச் சுற்றுவட்டமாக இணைத்தால் எல்லோருக்குமென அனுப்பும் செய்தி ஓயாமல் சுழன்று வலையமைப்பையே முடக்கிவிடும் என்ற பாடத்தை நூலில் மூன்றுமுறை படித்தும் அண்ணனுக்கு விளங்கவில்லை. தம்பிதான் விளக்கினான். பல ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு முந்தைய வாரத்தில், ஒரு துணிக்கடையில் ஒரே கேபிளின் இருமுனைகளையும் தெரியாமல் ஒரே ஸ்விட்சில் செருகிவிட்டானாம். பில் போடும் இயந்திரங்கள் அத்தனையும் நின்றுவிட்டன. கூட்டம் கத்துகிறது, இவன் மேசைகளுக்கடியில் தவழ்ந்து அந்த ஒற்றைக் கேபிளைத் தேடுகிறான். கேட்டபின் அண்ணனுக்கு அப்பாடம் மறக்கவில்லை.

இந்தச் சுழலைத் தடுக்கும் வழியை 1985-இல் வெளியிட்டவர் ராடியா பெர்ல்மன் என்ற கணினி அறிஞர். வலையமைப்பைச் சுழலில்லாத ஒரு மரமாகத் தானே அமைத்துக்கொள்ளச் செய்யும் முறை அது. அந்த ஆய்வுக்கட்டுரையோடு அவர் அம்முறையை விளக்கும் சிறு கவிதை ஒன்றையும் சேர்த்திருந்தார். நாங்கள் மகிழ்ந்துபோனோம். இலக்கணத்தையும் மருத்துவத்தையும் செய்யுளில் எழுதிவைத்தவர்களின் பிள்ளைகளுக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை.

ஒரேயொரு முறை சண்டையிட்டோம். தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கையில் தம்பி ஒரு கட்டுத் தாள் கொண்டுவந்தான். தொழிலில் அதை டம்ப்ஸ் என்பார்கள். தேர்விலிருந்து கசிந்தவை என்று சொல்லி விற்கப்படும் வினாவிடைகள். பிடிபட்டால் சான்றிதழ் பறிபோகும். அண்ணன் ஆசிரியனல்லவா, உடனே நன்னூலுக்குப் போனான். மாணாக்கரை வகைப்படுத்தும் இடத்தில் கிளியை இடையில்தான் வைத்திருக்கிறார் பவணந்தி என்று தொடங்கினான். தம்பி முடிக்கவிடவில்லை.

"ஒனக்கென்னண்ணே, மாசம் பொறந்தா சம்பளம். இன்னொரு இருபத்தஞ்சாயிரம் போச்சுன்னா நான் எங்க போவேன்?"

பதில் இல்லை. அந்தச் சம்பளம் எந்தச் சங்கிலியிலிருந்து வந்தது என்பதை அவன் சொல்லவில்லை. அவன் ஒருபோதும் சொன்னதில்லை. அண்ணன் எழுந்து உள்ளே போய்விட்டான், அன்றிரவு தூக்கமில்லை.

மறுநாள் காலையில் தாள்கட்டு மேசையிலேயே கிடந்தது. தம்பி இரவு முழுக்க அதைப் படித்திருக்கிறான். முதல் முப்பது வினாக்களில் நான்குக்கு விடை தவறு என்று பென்சிலால் சுழித்திருந்தான். "இத எழுதினவன் ஒரு நாளும் வயர் தொட்டிருக்க மாட்டான்" என்றான். அறவுரை செய்யாததை அவனுடைய இருபதாண்டுக் கைப்பழக்கம் செய்தது. தாள்கள் பேத்திக்குப் படம் வரைய ஆகுமென்று அம்மா எடுத்துக்கொண்டாள்.

நவம்பரில் நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போனோம். 120 நிமிடத் தேர்வு. ஒரு வினாவைக் கடந்துவிட்டால் திரும்பிவர இயலாது. தம்பி உள்ளே இருந்த நேரம் முழுதும் அண்ணன் எதிரே இருந்த டீக்கடையில் மூன்று டீ குடித்தான். 2001-இல் அண்ணனின் முதுகலை இறுதித் தேர்வன்று, கல்லூரி வாசலில் சைக்கிளோடு தம்பி காத்து நின்றது நினைவுக்கு வந்தது. அன்று அவன் பாலிடெக்னிக்கில் தனக்கிருந்த வகுப்பை விட்டுவிட்டு வந்திருந்தான். அதையும் இந்த இருபத்திரண்டு ஆண்டில் நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

தம்பி தேறினான். பெரிய கொண்டாட்டமெல்லாம் இல்லை. எழும்பூரில் ஆளுக்கொரு பரோட்டா கூடுதலாகச் சாப்பிட்டோம். இப்போது அவனுக்கு நாற்காலி வேலை. இரவுப்பணி மாறிமாறி வருகிறது. கண் எரிகிறது என்கிறான். முழங்கால் பரவாயில்லை என்கிறான். சம்பளம் பெரிதாக உயர்ந்துவிடவில்லை. ஆனால் ஏணி இல்லை.

அண்ணனின் முதுகலைச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதற்குக் காலக்கெடு இல்லை. அதன்பின் ஒரு நூலும் படிக்காவிட்டாலும் அது செல்லும். தம்பியின் சான்றிதழ் மூன்றாண்டுதான் செல்லும். பிறகு மறுபடி படித்துத் தகுதியைக் காட்ட வேண்டும். நாற்பது வயதுக்காரனுக்கு இது அநியாயம் என்று அண்ணனுக்குத் தோன்றியது. தம்பியிடம் சொன்னபோது அவன் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

"நல்லதுதாம்ணே. மூணு வருசத்துக்கு ஒருக்கா உக்காந்து பேசலாம்லா" என்றான்.

40 பக்க நோட்டு பத்திரமாக இருக்கிறது. கடைசிப் பக்கங்கள் இன்னும் காலியாகத்தான் உள்ளன.