கெய்டில் என் எழுத்துப் பிழைகள்

பதிப்புரிமைச் சட்டத்தின் மேல் எனக்கு மரியாதை வந்தது நியாய உணர்வால் அல்ல, வயிற்றெரிச்சலால்.

ஊரடங்குக் காலத்தில் என் மாணவர்களுக்காகத் தட்டச்சு செய்து வாட்ஸ்அப் குழுவில் போட்ட சங்க இலக்கியப் பாடக் குறிப்பு, வேறொருவர் பெயரில் கெய்டாக அச்சாகி ஒரு கடையில் தொங்கியது. எழுத்துப் பிழைகள்கூட என்னுடையவை. பொய் சொல்வானேன், முதலில் லேசாகப் பெருமையாகத்தான் இருந்தது. அட்டையைத் திருப்பி விலையைப் பார்த்த பிறகுதான் கோபம் வந்தது.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்காடும் நண்பரிடம் கெய்டைக் கொண்டுபோய் நீட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது உங்க குறிப்புன்னு யார் சொன்னது?" என்றார். வேலையின் பகுதியாக எழுதியது என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், 17ஆம் பிரிவின்படி முதல் உரிமை வேலை கொடுத்தவருக்கு. அதாவது கல்லூரிக்கு. உரிமை யார் கையில் இருந்தாலும் எழுதியவன் நான்தான் என்று சொல்லிக்கொள்ள 57ஆம் பிரிவு வழி விடுகிறது. எனக்கு மிஞ்சியது பெயர்தான்.

அடுத்த கேள்வியையும் அவரே போட்டார்: "நீங்க பிள்ளைகளுக்கு ஸ்கேன் பண்ணி அனுப்பினீங்களே புத்தகப் பக்கங்கள், அது யாரோடது?"

மாட்டிக்கொண்டோம் என்றுதான் நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே டெல்லி வழக்கைச் சொன்னார். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும், அங்கே டெல்லி பொருளாதாரப் பள்ளி வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடையின் மீதும் வழக்குப் போட்டன. பல நூல்களிலிருந்து அத்தியாயங்களை நகலெடுத்துப் பாடத் தொகுப்பாகக் கட்டி விற்கிறார்கள் என்பது புகார். 2016 செப்டம்பரில் தீர்ப்புச் சொன்ன நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா, பாடம் நடத்தும் போக்கில் ஆசிரியரும் மாணவரும் நகலெடுக்கலாம் என்ற 52(1)(i) பிரிவை அகலமாகவே படித்தார். பாடம் நடத்துவது என்பது மணியடித்து மணியடிக்கும் வரை உள்ள நேரம் மட்டுமல்ல என்றார். தான் சட்டம் படித்த காலத்தில் மாணவர்கள் நூலகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதியதையும் நினைவுகூர்ந்தார். அதே ஆண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வும், நகலெடுத்தது பாடத்துக்குத் தேவையானதுதானா என்பதே அளவுகோல் என்றது. பதிப்பகங்கள் பிறகு வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன.

ஆக, உசிலம்பட்டியிலும் மேலூரிலும் மொட்டைமாடியில் சிக்னல் தேடிய பிள்ளைகளுக்கு நான் அனுப்பிய பக்கங்கள் பாடம் நடத்தும் போக்கில் அனுப்பியவைதான்.

சிக்கல் அதற்குப் பின்னால் வந்தது. வகுப்புகளைக் காணொளியாக்கி எல்லோருக்கும் பொதுவாக வலையேற்றக் கல்லூரியில் சொன்னார்கள். பேர் பதிந்த மாணவர்களுக்கான வகுப்பு வேறு, யார் வேண்டுமானாலும் எந்நாளும் பார்க்கும் பதிவு வேறு. டெல்லித் தீர்ப்பின் குடை அவ்வளவு தூரம் விரியும் என்று நண்பர் உறுதி தரவில்லை. எது யாருடையது என்று கணக்குப் பார்க்க உட்கார்ந்தேன்.

இந்தியாவில் ஓர் எழுத்தாளர் மறைந்த பின் அறுபது ஆண்டு வரை உரிமை நீடிக்கும். மதுரையிலேயே இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவரும் 1981இல் மறைந்தவர்கள். தியாகராசர் கல்லூரியில் பணியாற்றிய ஔவை துரைசாமிப் பிள்ளையின் நூல்களை அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது. அவருடைய புறநானூற்று உரையைப் பக்கம் பக்கமாகத் திரையில் காட்டலாம். கணக்கு வாத்தியாராக இருந்து 'நாளை மற்றுமொரு நாளே' எழுதிய ஜி. நாகராஜனுக்கோ அறுபது ஆண்டுக் கணக்கு 2041 முடிவில்தான் தீரும். சங்கப் பாட்டு பொதுச் சொத்து என்ற தைரியத்தில் இருக்கும் தமிழாசிரியர்கள் கவனிக்க வேண்டியது, பாட்டுக்குத்தான் இரண்டாயிரம் வயது, கையில் இருக்கும் உரைக்கு அல்ல.

நாகராஜன் வகுப்பை எப்படி எடுப்பது? விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாளலாம் என்கிறது அதே 52ஆம் பிரிவு. நான் அலசுகிற வரிக்குச் சட்டத்தில் இடம் உண்டு. சும்மா காட்டிவிட்டுப் போகிற பக்கத்துக்கு இல்லை. பி.எட். படித்தபோது இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் பாடம் நடத்தச் சொல்லித்தரவில்லை. அதுவரை என் இணைய வகுப்பு என்பது திரையில் பக்கத்தைப் போட்டு வாசிப்பதாக இருந்தது. இப்போது நான்கு வரி, அதன் மேல் பத்து நிமிடப் பேச்சு, பிறகு ஒரு கேள்வி. கேமராவை அணைத்துவிட்டுப் படுத்திருந்த பையன்களிடமிருந்து பதில் வர ஆரம்பித்தது. எல்லோரிடமிருந்தும் இல்லை.

சங்கப் பாட்டின் மூலத்துக்கு இணைப்பு மட்டும் கொடுக்கிறேன். கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் இருந்துகொண்டு 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. எழுத்து வடிவில் இருப்பதால் ஸ்கேன் கோப்பைப் போல டேட்டாவைத் தின்பதில்லை. ஒரு சொல்லைத் தேடவும் முடியும். எங்கள் ஊர்ப் பெயரில் இப்படி ஒன்று இருப்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தெரியாது.

கெய்டு போட்டவர் மேல் வழக்கு எதுவும் போடவில்லை. குறிப்பைத் திருத்தி, பிழை நீக்கி, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட முடிவு செய்தேன்: பெயரைச் சொல்லிவிட்டு யாரும் எடுத்துக்கொள்ளலாம். விற்கக் கூடாது என்ற நிபந்தனையைச் சேர்க்கக் கை அரித்தது. கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடைக்காரர் பக்கத்துக்குக் காசு வாங்குவதும் விற்பனைதானே என்று விட்டுவிட்டேன். இணையம் எட்டாத பிள்ளைக்கு அவர்தான் நூலகம்.

ஆனால் 17ஆம் பிரிவு குறுக்கே நின்றது. என் குறிப்பை நான் இலவசமாகக் கொடுக்கக் கல்லூரியின் அனுமதிக் கடிதம் வேண்டும். முதல்வர் இரண்டு தடவை படித்துவிட்டு, "இதுல கல்லூரிக்கு ஏதும் வருமா சார்?" என்று கேட்டார். அட்டையில் கல்லூரிப் பெயர் வரும், பணம் வராது என்றேன். பெயரைக் கொஞ்சம் பெரிசாகப் போடச் சொல்லிக் கையெழுத்திட்டார்.