டீச்சரின் இடது கால்

கார் ஓட்டுகிறவர்களுக்குத் தங்கள் இடது கால் வேலை செய்வதே ஞாபகம் இருக்காது. அது பாட்டுக்குக் கிளட்ச்சை மிதிக்கும், விடும். ஊத்தங்கரையிலிருந்து கிருஷ்ணகிரி போய்ச் சேருவதற்குள் எத்தனை தடவை என்று யாரும் எண்ணியதில்லை. ஆட்டோமேட்டிக் காரில் கிளட்ச் பெடல் கிடையாது. எப்போது கியரை விடுவிக்க வேண்டும், எப்போது பிடிக்க வேண்டும் என்று உத்தரவு போடுவது பானெட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னப் பெட்டி. முழுப் பெயர் டிரான்ஸ்மிஷன் கன்ட்ரோல் மாட்யூல். மெக்கானிக்குகளுக்கு அது 'டிசிஎம்'.

ஊத்தங்கரைப் பக்கம் அரசுப் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கும் அந்த டீச்சர், இந்தப் பெட்டி உள்ள காரைச் சொகுசுக்காக வாங்கவில்லை. சின்ன வயதில் வந்த போலியோவில் இடது கால் சூம்பிவிட்டது. பல வருஷம் பஸ்தான். படிக்கட்டு உயரம், கைப்பிடிக் கம்பி, "ஏறும்மா சீக்கிரம்" என்ற குரல், எல்லாம் பழகிப்போனது. கணவருக்கு ஓசூரில் ஷிஃப்ட் வேலை. வார விடுமுறைக்குத்தான் வருவார். அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் இரண்டு நாள் கிருஷ்ணகிரியில் டயாலிசிஸ் என்று ஆனபோதுதான், சேமிப்பைத் துடைத்து ஒரு செகண்ட் ஹேண்ட் ஆட்டோமேட்டிக் வாங்கினார். லைசென்ஸும் எடுத்தார். வலது கால் மட்டும் போதும் என்று ஒரு வண்டி இருப்பது அவருக்கு எத்தனை பெரிய விஷயம் என்பது, இரண்டு காலும் நன்றாக இருப்பவர்களுக்கு அவ்வளவு எளிதில் புரியாது.

முதலில் லேசான ஜெர்க். பிறகு டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு வந்து வந்து போனது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், டயாலிசிஸ் முடித்து அம்மாவைப் பின் சீட்டில் படுக்க வைத்துக்கொண்டு திரும்பும்போது, மத்தூர் தாண்டி வண்டி நின்றுவிட்டது. இன்ஜின் ஓடுகிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் சத்தம் ஏறுகிறது, வண்டி நகரவில்லை. பின்னால் லாரி ஹாரன். இரண்டு பேர் இறங்கி வந்து ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். அணைத்துவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினால் செல்ஃபே எடுக்கவில்லை. புளியமரத்தடியில் ஒரு மணி நேரம். அதன்பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகி வீடு வந்து சேர்ந்தது.

திங்கட்கிழமை லீவு போட்டு சர்வீஸ் சென்டரில் காட்டினார். வண்டி அப்போது குளிர்ந்து, நல்ல பிள்ளையாக இருந்தது. "பெருசா ஒண்ணும் தெரியல மேடம்" என்றார்கள். பிறகு, "உங்களுக்குக் கால்ல பிரச்சினை இருக்குல்ல... பிரேக், ஆக்சிலரேட்டர் மிதிக்கிறதுல கொஞ்சம் முன்ன பின்ன ஆனா ஜெர்க் வரும். ஓட்டுற விதம் மேடம்" என்றார் ஒருவர். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் வலது காலால் மட்டும் இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவரிடம் இதைச் சொன்னார்.

'ஓட்டுகிற விதம்' என்ற இந்தப் பதிலுக்குக் கடல் கடந்த வரலாறு இருக்கிறது. டீச்சரின் கார் வேறு கம்பெனி. ஆனால் இந்த வகைக் கோளாறு உலகம் முழுக்கப் பேசப்பட்டது ஃபோர்டு நிறுவனத்தின் 'பவர்ஷிஃப்ட்' என்ற இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸில். ஃபியஸ்டா, ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் கார்களில் அது இருந்தது. நம் மறைமலைநகர் ஆலையில் தயாராகி 2013-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஈகோஸ்போர்ட்டின் ஆட்டோமேட்டிக் மாடலிலும் அதுதான். ஆஸ்திரேலியாவில் வாடிக்கையாளர்கள் வண்டி நடுங்குகிறது, இழுவை போகிறது என்று புகார் சொன்னபோது, பல நேரம் அவர்களுக்குக் கிடைத்த விளக்கம், ஓட்டுகிற முறைதான் காரணம் என்பது. கியர்பாக்ஸிலேயே தரக் குறை இருப்பது தெரிந்தும் அப்படிச் சொன்னார்கள் என்று அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. 2018 ஏப்ரலில் ஃபெடரல் நீதிமன்றம் ஃபோர்டு ஆஸ்திரேலியாவுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அமெரிக்காவிலோ, 2014-லேயே ஃபியஸ்டா, ஃபோகஸ் கார்களின் இந்த மாட்யூலுக்கு மட்டும் உத்தரவாதத்தை 10 வருஷம் அல்லது 1,50,000 மைல் என்று அந்த நிறுவனமே நீட்டித்தது. அவ்வளவு தூரம் ஓட்டுகிறவர்கள் எல்லாருமா ஓட்டத் தெரியாதவர்கள்?

டீச்சருக்கு இந்த வரலாறெல்லாம் தெரியாது. அவர் போனது, ஊத்தங்கரை ரவுண்டானாவிலிருந்து திருப்பத்தூர் போகிற ரோட்டில் ஷெட் போட்டிருக்கும் பழைய மெக்கானிக்கிடம். டிராக்டரும் அம்பாசடரும் பார்த்து வளர்ந்த கை. ஸ்கேனரை எடுப்பதற்கு முன்னால் அவர் கேள்விகளைத்தான் எடுத்தார்.

"காலையில எப்பயாச்சும் நின்னுச்சுங்களா டீச்சர்?"

"இல்லண்ணா. மத்தியானம்தான். அதுவும் கிருஷ்ணகிரி போய்ட்டு வர்றப்ப."

"ஆறுனா எடுக்குதா?"

"எடுக்குது."

"அப்ப சூட்டுல விட்டுப்போவுது."

நோய் பாதி பிடிபட்டுவிட்டது. டிசிஎம் உள்ளே இருப்பது ஒரு சர்க்யூட் போர்டு. சில கார்களில் அதைக் கியர்பாக்ஸ் மேலேயே பொருத்தியிருப்பார்கள். இன்ஜின் சூடு, ரோட்டின் அதிர்வு எல்லாம் அதன்மேல்தான். சூட்டில் விரிந்து, குளிரில் சுருங்கி, சில வருஷங்களில் ஈயப் பற்று மயிரிழை அளவுக்கு விரிசல் விடும். குளிர்ந்திருக்கும்போது தொட்டுக்கொண்டிருக்கும், சூடானால் தொடர்பு அறுந்துபோகும். இன்ஜின் கம்ப்யூட்டருக்குக் கியர் 'பார்க்'கில் இருக்கிறதா என்ற தகவலே வராது. வராவிட்டால் அது செல்ஃபை எடுக்க விடாது. புளியமரத்தடியில் நடந்தது இதுதான்.

ஆனாலும் மெக்கானிக் உடனே பெட்டியை மாற்றச் சொல்லவில்லை. இந்தப் பொறுமை இல்லாததால் எத்தனை பேர் வீணாகப் பணம் கட்டியிருப்பார்களோ! பேட்டரி பலவீனமாக இருந்தாலும் இதே விளக்கு எரியும். எர்த் ஒயர் துருப்பிடித்தால் எரியும். கப்ளருக்குள் தண்ணீர் போயிருந்தால் எரியும். எலி கடித்திருந்தாலும் எரியும். கரும்புத் தோட்டம் பக்கம் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு அது புதிதில்லை. எல்லாவற்றையும் பார்த்தார். பேட்டரி 12.6 வோல்ட், நன்றாக இருந்தது. ஒயரிங் சுத்தம். பிறகு வண்டியை மத்தியான வெயிலில் ஓட்டிச் சூடேற்றி, நின்றுபோன அந்த நிமிஷத்தில் ஸ்கேனரைச் சொருகினார். யு0101 என்று வந்தது. டிசிஎம்முடன் பேச்சுவார்த்தை இல்லை என்று மற்ற கம்ப்யூட்டர்கள் கொடுக்கும் புகார் அது.

இதுவரை ஊத்தங்கரை ஷெட்டிலேயே முடிந்தது. இதற்கப்புறம்தான் சிக்கல். பழைய காலத்தில் கிளட்ச் தேய்ந்தால் பிளேட் வாங்கி மாட்டினால் முடிந்தது. சென்னை புதுப்பேட்டையில் உடைத்த வண்டியின் டிசிஎம் மலிவாகக் கிடைக்கலாம். வாங்கி மாட்டினால் பல கார்களில் வேலை செய்யாது. அதற்குள் பழைய வண்டியின் சேஸிஸ் எண் பதிந்திருக்கும். பெங்களூரில் போர்டைப் பிரித்து ஈயம் வைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். சில நேரம் நன்றாகவே நிற்கும். ஆனால், "அம்மாவ ஏத்திக்கிட்டு நடுரோட்டுல இன்னொரு தடவ நிக்க முடியாதுங்க டீச்சர்" என்று மெக்கானிக்கே அதை வேண்டாம் என்றார். புதுசுக்கு ஆர்டர் போட்டார்கள். டீச்சரின் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி அதற்கே போனது.

பெட்டி வரும்வரை வாடகைக் கார். ஒவ்வொரு டயாலிசிஸ் நாளும் டிரைவர் வருவாரா என்று முந்தின ராத்திரியே போன் போட்டுக் கேட்க வேண்டியிருந்தது. அம்மா ஒருநாள், "இந்த வாரம் ஒரு தடவ போதும்டி" என்றாராம். டீச்சர் அதற்குப் பதில் சொல்லவில்லை. கார் புக் செய்தார்.

மாற்றுகிற வேலை என்னவோ அரைநாள் வேலைதான். பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றி, பேட்டரியையும் அதன் தட்டையும் எடுத்து, ஏர் ஃபில்டர் பெட்டியை ஒதுக்கினால் டிசிஎம் தெரிகிறது. கப்ளரின் பூட்டைத் தூக்கி, போல்டுகளைக் கழற்றிப் புதியதை வைக்க வேண்டும். அதைத் தொடுவதற்கு முன்னால் மெக்கானிக் வண்டியின் வெற்று இரும்பை ஒருமுறை தொட்டுக்கொண்டார். உடம்பிலுள்ள நிலை மின்சாரம் போர்டைக் கொன்றுவிடக் கூடாது என்பதற்காக. பக்கத்தில் நின்ற பையன் அதைச் சாமி கும்பிடுவதாகவே நினைத்தான்.

கோடிங் செய்ய ஓசூரிலிருந்து லேப்டாப்புடன் ஓர் இளைஞர் வந்தார். புதுப் பெட்டிக்குள் வண்டியின் எண்ணையும் அதற்குரிய மென்பொருளையும் எழுத வேண்டும். எழுதும்போது கரண்ட் ஏறி இறங்கினால் புதுப் பெட்டியே வீணாகும் என்பதால் பேட்டரிக்குச் சார்ஜரைப் போட்டே வைத்திருந்தார்கள். பிறகு கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதைப் பெட்டிக்குக் கற்றுக்கொடுக்கும் வேலை. கடைசியில் ரோட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இளைஞர் டிரைவர் சீட்டுக்குப் போகவில்லை. "நீங்களே ஓட்டுங்க மேடம். நின்னு நின்னு, மெதுவா எடுத்து ஓட்டுங்க. உங்க ஓட்டத்துக்குத்தான் அது பழகணும்" என்று சொல்லிப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். சாமல்பட்டி வரை போய்த் திரும்பினார்கள். ரயில்வே கேட்டுக்கு முன்னால் நிறுத்தி எடுத்தபோது மட்டும் ஒரு சின்னக் குலுக்கல். திரும்பி வரும்போது அதுவும் இல்லை. "நல்லா ஓட்டுறீங்க" என்றார் இளைஞர், லேப்டாப்பிலிருந்து தலையை எடுக்காமலே.

பில் போடும்போது டீச்சர் ஒன்று கேட்டார். வெறுமனே 'கியர்பாக்ஸ் வேலை' என்று எழுதாமல், கோளாறு எதில் என்று தெளிவாக எழுத வேண்டும். மெக்கானிக் பேனாவை ஒருமுறை உதறிவிட்டு, 'டிசிஎம் போர்டு சூட்டில் பழுது, யு0101, புதியது மாற்றப்பட்டது' என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுத் தந்தார். டீச்சர் அதை மடித்து ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துக்கொண்டார்.